ஐந்தாம் லைனில் மேலே வந்த வண்டி

சரக்கு யார்டில் வேலை பார்ப்பவர்கள் இன்ஜினுக்குப் பயப்படுவதில்லை. அது இரைச்சல் போட்டுக்கொண்டு வரும், ஒதுங்கிக்கொள்ளலாம். அவர்கள் பயப்படுவது, இன்ஜின் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய பிறகு தனியாக உருண்டு வரும் வேகனுக்கு. நாற்பது டன் எடை, ஒரு பூனை நடக்கிற சத்தம்கூட இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நேரம் நிற்காமலும் போகும்.

அப்படி வரும் வேகன்களுக்குக் கட்டை வைப்பது அவள் வேலை. இரும்புத் தகடு அடித்த மரக்கட்டை, ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் ஆப்பு போலச் சரிந்திருக்கும். வேகன் நின்றதும் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அதைச் செருகிக் காலால் ஓர் உதை கொடுப்பாள். யார்டில் எல்லோருக்கும் அவள் கட்டையக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த இன்ஜின் டிரைவருக்கும் அக்காதான்.

அந்த யார்டு சமதளம் போலத் தெரியும். உண்மையில் நூறு அடிக்கு மூன்று அங்குலம் சரிவு. மனிதக் கண்ணுக்குத் தெரியாது; வேகனுக்குத் தெரியும். பிரேக் தேய்ந்த வேகனை விட்டுவைத்தால், யோசித்து முடிவெடுத்த மாதிரி, கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்ப் பக்கமாகக் கிளம்பும். அதனால் கட்டை கீழ்ப் பக்கம்தான் வைக்கப்படும். மேல் பக்கம் வைப்பவனைப் பார்த்து, மழை வருகிறதென்று பாதத்துக்குக் குடை பிடிப்பவனைப் பார்ப்பதுபோலச் சிரிப்பார்கள்.

கட்டை வைத்த பிறகு அவள் இன்னொன்று செய்வாள். இடுப்புப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, சக்கரத்தின் விளிம்பில் தொடங்கித் தண்டவாளம் வரை ஒரே கோடாக இழுப்பாள். வேகன் மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகும். இது யார்டு விதிகளில் இல்லை. அவளே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். கவனம் என்று அதைப் பாராட்டியவர்கள் உண்டு. அது கவனமில்லை, வஞ்சம். ‘கட்டையை அப்புறமா வச்சுட்டு முதல்லயே வச்சேன்னு சொல்றா’ என்று தன்னைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுடைய அண்ணனைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடைய கணவன் அங்கே கொக்கி மாட்டுபவன். இரண்டு வேகன்களுக்கு நடுவே போய்ச் சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் போடும் வேலை. அண்ணன்தான் அப்போது கட்டை வைப்பவர். ஐந்தாம் லைனில் ஒரு தானிய வேகன் நின்றிருந்தது. அதோடு சேர்க்க, கீழேயிருந்து ஒரு மண்ணெண்ணெய் டேங்கரை இன்ஜின் மேல்நோக்கித் தள்ளிவிட்டது. டேங்கர் தானிய வேகனை எட்டவில்லை. இரண்டடி தள்ளி நின்றது. அண்ணன் அதன் கீழ்ச் சக்கரத்தில் கட்டை வைத்தார். இன்ஜின் மறுபடி வந்து தள்ளுவதற்குள் சங்கிலியைத் தயாராக எடுத்து வைக்கலாமென்று கணவன் அந்த இரண்டடிக்குள் நுழைந்தான். இடைவெளி மூடிக்கொண்டது.

ஆளை வெளியே எடுக்கும் அவசரத்தில் இன்ஜின் டேங்கரைக் கீழே இழுத்தது. எது எங்கே நின்றது என்பதற்கான தடயமெல்லாம் அதோடு போயிற்று.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். இடைவெளி மூடியது என்றால் மேலே இருந்தது கீழே வந்திருக்க வேண்டும். அண்ணன் தானிய வேகனுக்குக் கட்டை வைக்க மறந்து, விபத்துக்குப் பிறகு ஓடிப்போய் வைத்திருக்கிறார் என்பது அவர்கள் கணக்கு.

“மேல நின்ன வண்டி அசையவே இல்ல சார்” என்றார் அண்ணன். “கீழ நின்ன டேங்கர்தான் மேல வந்துச்சு.”

“யாரு தள்ளினா?”

“யாரும் தள்ளல.”

“இன்ஜின்?”

“அது அம்பதடி தள்ளி நின்னுச்சு.”

“அப்ப எப்படிய்யா மேல வரும்?”

“தெரியல சார். நின்னுச்சு. அப்புறம் வந்துச்சு.”

அதிகாரிகளில் இளையவர் தண்டவாளத்தின் மேல் ஒரு பலகையை வைத்து, பையிலிருந்து ஓர் எஃகுக் குண்டை எடுத்துப் பலகையில் விட்டார். குண்டு சற்றுத் தயங்கியது. பிறகு கீழ்ப் பக்கமாக உருண்டு கற்களுக்குள் விழுந்தது. கூட்டத்தில் நின்றவர்களில் அவளும் இருந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் குண்டு உருண்டபோதுதான் அவள் அண்ணனை விட்டு நீங்கினாள். ஒரு குண்டுக்குப் பொய் சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

அண்ணனைக் கட்டை வேலையிலிருந்து எடுத்து, தண்டவாளங்கள் பிரியும் பாயிண்டுகளுக்கு எண்ணெய் போடும் வேலையில் போட்டார்கள். யார்டு அவருக்கு மேலேத்தி என்று பெயர் வைத்தது. “மேலேத்தி அண்ணே, என் சைக்கிளக் கொஞ்சம் மேட்டுல ஏத்தி விடேன்” என்பார்கள். அவர் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஐந்தாம் லைனைப் பற்றி வேறு பேச்சும் கிளம்பியது. அங்கே நிற்கும் வண்டி ஆள் பார்த்து நகரும் என்றார்கள். பகலிலேயே அதைச் சுற்றிப்போகிறவர்கள் இருந்தார்கள்.

கணவனுக்குப் பதிலாக அவளுக்கு வேலை கிடைத்தது. அலுவலகத்தில் ஃபைல் தூக்கலாம் என்றார்கள். கட்டை வேலை வேண்டுமென்று கேட்டு வாங்கினாள். அண்ணன் தவறவிட்ட கட்டையை, அவர் கண் முன்னால், ஒருநாளும் தவறாமல் தினமும் வைத்துக்காட்டுவதற்காக. அவளை நியாயமானவள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறுதியானவள் எனலாம், இரண்டும் வேறு.

குடியிருப்பில் அண்ணன் வீடு இரண்டு வீடு தள்ளி. குழாய் ஒன்றுதான்.

“உங்க மாமா வாளி வழியில கிடக்கு. எடுத்துக்கச் சொல்லு” என்பாள் மகளிடம். மாமா நான்கடி தள்ளி நின்றுகொண்டிருப்பார்.

“எடுத்துக்கிட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்மா.”

“நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல தபாலாபீஸா?” என்பாள் மகள். “ஸ்டாம்பு ஒட்டிக் குடுத்தாதான் இனிமே கொண்டுபோவேன்.”

யாரும் சிரிக்கமாட்டார்கள். வாளி மட்டும் இடம் மாறும்.

*

அந்தக் காலை மூடுபனி. எட்டு மணிக்கும் சூரியன் ஒரு வெளுத்த கறைதான். நான்கடிக்கு அப்பால் தண்டவாளம் முடிந்துபோனதுபோல இருந்தது. ஐந்தாம் லைனில் ஒரு சிமென்ட் வேகன் நின்றது. அதற்கு அவள் முதலிலேயே கட்டை வைத்து, கோடும் போட்டிருந்தாள். கீழேயிருந்து ஒரு டேங்கரைத் தள்ளிவிடப்போகிறார்கள் என்று கொக்கிக்காரன் வந்து சொன்னான். வாய் ஓயாத ஆள்.

“பாதி வயிறுதான் அக்கா. ஃபாக்டரி தொட்டி ரொம்பிருச்சாம், மிச்சத்த அப்படியே அனுப்பிட்டாங்க. நானும் இன்னிக்கு பாதி வயிறுதான். எங்க வீட்டுல சண்டை.”

“நீ வாயால சாப்பிட்டா வயிறு ரொம்பும். பேசிக்கிட்டே இருந்தா எப்படி?”

பனியில் டேங்கர் வந்தது தெரியவில்லை. வெள்ளைக்குள் ஓர் இருட்டு உருண்டையாகத் திரண்டது, பெரிதானது, நின்றது. சிமென்ட் வேகனுக்கு இரண்டடி இருந்தது. சக்கரம் கொஞ்சம் பின்வாங்கப் பார்த்தது. அதற்குள் கீழே கட்டை வைத்து உதைத்தாள். குனிந்து கோடு போட்டாள். எல்லாம் நின்றுவிட்டது. தூரத்தில் இன்ஜின் இரைச்சல்கூடப் பனியில் அமுங்கிப்போயிற்று.

கொக்கிக்காரன் சங்கிலிக்காக இடைவெளியை நோக்கி நடந்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் போனாள்.

முதலில் அவள் கேட்டது ஒரு சத்தம். தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது பாய் சொல்லும் சத்தம் போல. அது டேங்கருக்கு உள்ளேயிருந்து வந்தது.

பிறகு இடைவெளி குறைவதைப் பார்த்தாள்.

எந்த வண்டி நகர்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பனியில் கம்பம் இல்லை, மரம் இல்லை, அளந்து பார்க்க நிற்கிற பொருள் ஒன்றுமில்லை. இரண்டு கறுப்புச் சுவர்கள், நடுவில் வெள்ளை, வெள்ளை ஒடுங்குகிறது. சிமென்ட் வேகன் இறங்குகிறது என்றுதான் நினைத்தாள். என் கட்டை விட்டுவிட்டது; அண்ணன் செய்ததை நானும் செய்துவிட்டேன். கை தானாக நீண்டு கொக்கிக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. அவன் கற்களில் உட்கார்ந்தான்.

“என்னக்கா, சட்டையக் கிழிச்சு…”

அவனுடைய முகத்துக்கு முன்னால் இரண்டு வண்டிகளின் இரும்பும் தொட்டுக்கொண்டன. டங்கென்று, மெதுவாக, கதவைச் சாத்துகிற மாதிரி. அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் குனிந்து சிமென்ட் வேகனின் கோட்டைப் பார்த்தாள். ஒரே கோடு. முறியவில்லை.

ஓடிப்போய் டேங்கரின் கீழ்ச் சக்கரத்தைப் பார்த்தாள். கட்டை வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டடி வெற்றுத் தண்டவாளம். தண்டவாளத்தில் பாதிக் கோடு. சக்கரத்தில் மீதிக் கோடு, சுழன்று, வேறெங்கோ நின்றது.

யாரும் தள்ளவில்லை. டேங்கர் மேலே வந்திருக்கிறது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் திரும்பத் தொடங்கியது. வந்த வழியே, அவசரமில்லாமல், கீழே இறங்கியது. கட்டையின் மேல் சாய்ந்தது. சக்கரத்துக் கோட்டின் நுனி தண்டவாளத்துக் கோட்டின் நுனியைத் தேடி வந்து சேர்ந்தது. மறுபடி ஒரே கோடு. இரண்டு மூச்சு தாமதமாக வந்திருந்தால், அவளே எங்கும் போய்ச் சத்தியம் செய்திருப்பாள்: இந்த வண்டி அசையவே இல்லை என்று.

டேங்கரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே ஏதோ ஒன்று அந்தக் கோடிக்குப் போனது. போய்த் திரும்பி வந்தது. அறைக்குள் ஒருவர் உலாத்துவதுபோல. அவளுடைய கணவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கோபம் வந்தால் சுவருக்குச் சுவர் நடப்பான். அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

“அக்கா, அது அவருதானா?” என்றான் கொக்கிக்காரன், தரையில் உட்கார்ந்தபடியே.



*

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். மகள் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் குழாயடியில் ஒரு வாளியில் பாதித் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வாசலில் மகளுடைய செருப்பு தடுக்கச் சட்டென்று நின்றாள். தண்ணீர் நிற்கவில்லை. முன்னால் போய், விளிம்பில் ஏறி, திரும்பி வந்து, அவளுடைய கையைப் பின்னுக்கு இழுத்தது. மறுபடி முன்னால் போய்க் கையை முன்னுக்கு இழுத்தது.

அவள் அப்படியே நின்றாள். வாளியைத் தூக்கிய கையில், காலையில் இரும்பின் வழியாகக் கேட்ட நடை.

தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைக்கும் சக்கரப் பலகை மூலையில் இருந்தது. டிரம்மை இறக்கிவிட்டு, வாளியைப் பலகைமேல் வைத்துத் தரையில் ஒரு தள்ளு தள்ளி, ஓடிப்போய்க் காலால் தடுத்தாள். நின்றது. காலை எடுத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பலகை, கேட்பாரில்லாமல், தானாக முன்னால் அரையடி போயிற்று.

“என்னம்மா பண்ற?”

“அந்த வாளிய ரொப்பு. விளிம்பு வரைக்கும். தட்ட வச்சு இறுக்கி மூடு.”

நிறைந்த வாளி, நின்றால் நின்றது. காலி வாளியும் அப்படித்தான். பாதி வாளி மட்டும் நின்ற பிறகும் போனது. ஆறு தடவை செய்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

நிறுத்தப்பட்டது பலகைதான். உள்ளே இருந்ததை யாரும் நிறுத்தவில்லை. அது போய்க்கொண்டிருந்தது, அதனால் போயிற்று. சுவர் வந்தது, சுவரைத் தள்ளியது. அதிகாரி உருட்டிய எஃகுக் குண்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அது உள்ளும் புறமும் ஒரே இரும்பு. மேற்பார்வைக்கு நின்றுவிட்டு, உள்ளே நடந்துகொண்டிருக்க அதனால் முடியாது. யார்டுக்கு வரும் டேங்கர் நிறைந்து வரும், காலியாகப் போகும். பாதியாக வருவது எப்போதோ ஒன்று. ஒன்பது வருடத்தில் அவள் கைக்கு வந்த முதல் பாதி இது.

ஈரக் காலோடு இரண்டு வீடு தள்ளிப் போனாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே.”

அவர் கை தட்டில் நின்றது. பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

“யாரைக் கூப்பிடுற?”

“உன்னத்தான். அன்னிக்கு அந்த டேங்கர் ரொம்பினதா, காலியா?”

அவர் தண்ணீர் குடித்தார். “பாதி.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன். பாதி இருந்தா என்ன, முழுசா இருந்தா என்னன்னு எழுதிக்கல.”

“எவ்வளவு தூரம் வந்துச்சு?”

எச்சில் கையோடு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காலையில் வெற்றுத் தண்டவாளத்தில் அவள் பார்த்த அதே அளவு. அவளும் தன் கைகளை விரித்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே, ஆளுக்கொரு வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

“நீ பாத்தியா?” என்றார்.

“பாத்தேன். வந்துச்சு. திரும்பிப் போய் நின்னுக்கிச்சு.”

அவர் கையைத் தட்டிலேயே கழுவினார். “மேல் வண்டிக்குக் கட்டைய வச்ச ஞாபகம் எனக்குக் கையில இருக்கு. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, கை பொய் சொல்லுதோன்னு ஆயிருச்சு. நாலஞ்சு வருஷமா நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். மறந்துட்டேன், அவன நாந்தான் கொன்னுட்டேன்னு. நீ பேசாம இருந்தது அதனால எனக்குத் தப்பாவே படல.”



“காலையில கொக்கி மாட்டாம இறக்கிட்டாங்க. மூணு மணிக்கு அதே டேங்கர மறுபடி ஏத்துறாங்க. வா” என்றாள்.

“எனக்கு அங்க வேலை இல்லையே.”

“கட்டை நீ வை.”

*

மூன்று மணிக்குப் பனி விலகியிருந்தது. யார்டு மாஸ்டர் டீ டம்ளரோடு வந்தார், வேண்டாவெறுப்பாக.

“என்னம்மா, அண்ணனுக்குத் துணையா நீயும் வண்டிய மேலேத்தப் போறியா?”

“நீங்க டீயக் குடிங்க சார். கோட்ட மட்டும் பாருங்க.”

இன்ஜின் டேங்கரைத் தள்ளிவிட்டது. அது ஏறி, தளர்ந்து, நின்றது. அண்ணன் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கட்டையைச் செருகினார், உதைத்தார், அந்த உதை அவள் உதையைவிடச் சுத்தமாக இருந்தது. சாக்கட்டியை வாங்கி அவரே கோடு போட்டார். பழக்கமில்லாததால் கோடு வளைந்தது.

ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, இன்ஜின் ஐம்பதடி தள்ளி நிற்க, டேங்கர் கட்டையை விட்டு எழுந்து மேலே வந்தது. சத்தமே இல்லை. கோடு முறிந்தது. வந்து, நின்று, இறங்கி, கோடு சேர்ந்தது.

மாஸ்டர் கையிலிருந்த டம்ளரில் டீ தளும்பிக்கொண்டிருந்தது. “இன்னொரு தடவ தள்ளச் சொல்லு” என்றார். இரண்டாவது தடவையும் வந்தது. வெகுநேரம் கழித்து, அண்ணனைப் பார்க்காமல், “எழுதி அனுப்புறேன். மேல யாரும் படிப்பாங்களான்னு தெரியாது” என்றார். அன்றைக்கு அண்ணனை யாரும் மேலேத்தி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் யாருக்கும் தெரியவில்லை.

அவள் இன்னொரு கட்டையை எடுத்துவந்து, டேங்கரின் மேல் பக்கச் சக்கரத்தில் செருகினாள். யாரும் சிரிக்கவில்லை.

“இப்ப உள்ள போலாமா அக்கா?” என்றான் கொக்கிக்காரன். காலையில் கேட்ட கேள்விக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று தோன்றியது.

“இரு.”

டேங்கரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்சம் தள்ளி, அண்ணனும் வைத்தார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே வண்டி அசையாமல் நின்றது. உள்ளே அது அந்தக் கோடிக்குப் போனது. திரும்பி வந்தது. முன்னைவிட மெதுவாக. மறுபடி போனது.

யார்டு மாஸ்டர் போய்விட்டார். இன்ஜின் டிரைவர் ஒருமுறை ஹார்ன் அடித்துவிட்டு, பிறகு அடிக்கவில்லை.

“நின்னுருச்சா?” என்றார் அண்ணன்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“இன்னும் இல்ல.”